கதிரை வைத்துச் சாத்திய வீடு

பிள்ளையள், அந்தப் பயணத்தைப் பற்றிக் கதை வரும்போதெல்லாம் நீங்கள் இரண்டு பேரும் ஒரே இடத்தில்தான் தொடங்குகிறீர்கள். நுவரெலியாவில் அப்பா சாரத்தைத் தலையில் சுற்றிக்கொண்டு தேத்தண்ணி வாங்கப் போன இடத்தில். சிரியுங்கோ, அது சிரிக்கிற கதைதான். ஆனால் அதற்கு முதல் கண்டி பஸ் நிலையத்தில் ஒரு மணித்தியாலம் போனதே, அதைப் பற்றி நீங்கள் கதைப்பதில்லை. சின்னவன் அப்போது பாதி நித்திரை. மூத்தவளே, நீ கோபத்தில் இருந்தாய். அதனால்தான் இதை எழுதி வைக்கிறேன். நான் பத்தாம் வகுப்போடு நின்றவன். எழுத்தில் பிழை இருந்தால் மூத்தவள் திருத்தட்டும். நடந்ததில் பிழை இருந்தால் அம்மாவைக் கேளுங்கள்.

என் வேலை உங்களுக்குத் தெரியும். துறைமுகத்தில் கப்பலுக்குக் கயிறு கட்டுவது, கப்பல் போகும்போது கயிறு கழற்றுவது. ஒரு கயிறு என் தொடைத் தடிப்பு இருக்கும். கோதுமை கொண்டு வருகிற கப்பல் ஒன்று துறை மேடையோடு அணைந்து நிற்கும்போது அண்ணாந்து பார்த்தால் கழுத்து நோகும். அவ்வளவு பெரியதை ஆறேழு கயிறு பிடித்து வைத்திருக்கிறது என்பது எத்தனை வருசம் போனாலும் எனக்கு அதிசயம்தான். அதைவிட அதிசயம் அது வெளிக்கிடுகிற நாள். இரண்டு நாளைக்கு முன்னமே ஆயத்தம் தொடங்கிவிடும். தண்ணீர் நிரப்புவார்கள், மரக்கறி ஏற்றுவார்கள், ஒவ்வொன்றுக்கும் ஒருவன் தாளும் பேனையுமாக நின்று அடையாளம் போடுவான். பிறகு நாங்கள் கடைசிக் கயிற்றை இரும்புக் கட்டையிலிருந்து தூக்கி விடுவோம். சத்தமே இல்லாமல் அந்த மலை நகரும். மேடைக்கும் அதற்கும் நடுவில் முதலில் ஒரு சாண் தண்ணீர் தெரியும். பிறகு ஒரு முழம். பிறகு அது வேறு உலகம்.

இருபது வருசமாக மற்றவர்களை அனுப்பிக்கொண்டிருக்கிறேன், நான் ஓர் இடமும் போனதில்லை.

அம்மாவும் போனதில்லை. அவ போகாதது வேறு மாதிரி. கலியாணம் கட்டி வந்த நாளிலிருந்து, பிள்ளைப்பேற்றுக்கு ஆஸ்பத்திரியில் கிடந்த நாள்களைத் தவிர, ஓர் இரவுகூட அவ இந்த வீட்டை விட்டு வெளியில் படுத்ததில்லை. மூதூரில் சொந்தக்காரர் கலியாணம் என்றாலும், தாலி கட்டி முடிந்ததும் சாப்பாட்டுக்கு இருக்காமல் பஸ் ஏறிவிடுவா. "வீடு தனிய நிக்குது" என்பா. ஆரோ வயது போன ஆளைத் தனிய விட்டுவிட்டு வந்த மாதிரித்தான் அதைச் சொல்லுவா. எனக்கு ஓர் ஆசை இருந்தது. நாலே நாள், அவ வீட்டை நினைக்காமல் ஓர் இடத்தில் இருக்க வேணும். அது நடக்குமோ என்பதுதான் எனக்கு அந்தப் பயணம். மலையும் குளிரும் உங்களுக்காக.

ஆகவே கப்பல்காரன் மாதிரி ஆயத்தம் செய்தேன்.

பழைய கலண்டர் தாள் ஒன்றின் பின்பக்கத்தில் கோடு கிழித்து, இந்தப் பக்கம் வேலை, அந்தப் பக்கம் அதைச் செய்கிற ஆள். நீங்கள் அதைப் பார்த்துச் சிரித்தீர்கள். "அப்பா, கப்டன் ஆயிட்டார்" என்றான் சின்னவன். குளிர்ச்சட்டை நாலு, அயலில் இரவல் வாங்குவது, அப்பா. தலைக்குத் தொப்பி நாலு, மூத்தவள். வாந்திக்குப் பை, எலுமிச்சம்பழம், அம்மா. பூமரத்துக்குத் தண்ணீர், பக்கத்து வீட்டு ராத்தாவிடம் சொல்வது, அம்மா. தண்ணீர்க் குழாய் பூட்டுவது, கேஸ் நிற்பாட்டுவது, மின்சாரம் நிற்பாட்டுவது, அம்மா. போன் இரண்டும் நிற்பாட்டி வைப்பது, அப்பா. போன் இருந்தால் நாள் முழுக்க வீட்டைப் பற்றி ஆருக்காவது அடித்துக்கொண்டிருப்பா என்று எனக்குத் தெரியும். அதனால் அதைக் கவனமாக எழுதினேன்.

எல்லாவற்றுக்கும் கீழே ஒரு வரி: கதவு பூட்டல். அதற்கு எதிரே ஆள் பெயர் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். அவ்வளவு தெரிந்த வேலைக்கு ஆர் பெயர் எழுதுவான்? முதல்நாள் பின்னேரமே கதவுத் திறப்பை, அந்தச் சாவியை, கடதாசியில் சுற்றி என் சேட்டுப் பையில் போட்டுவிட்டேன், விடியத் தேடக்கூடாது என்று. அந்த ஆயத்தம்தான் எங்களைக் கவிழ்த்தது.

இன்னொரு வரியும் இருந்தது: நீலப் பை, வீட்டில் விடுவது.

நீலப் பையை உங்களுக்குத் தெரியும். முன் கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்குகிற பை. நீங்கள் அதை 'அம்மாட கடை' என்று பகிடி பண்ணுவீர்கள். காணி உறுதி, எங்கள் கலியாணப் பதிவு, அடையாள அட்டைப் பிரதிகள், இரண்டு கிலோ அரிசி, சீனி, தேயிலை, மெழுகுதிரி, நெருப்புப் பெட்டி, பனடோல், ஒரு சின்னச் சட்டி, இரண்டு படுக்கை விரிப்பு, எனக்கு உடுத்த ஒரு சாரம். மூன்று மாதத்துக்கு ஒருக்கால் பழைய அரிசியை எடுத்துச் சமைத்துவிட்டுப் புது அரிசி போடுவா. நீங்கள் பிறந்து உங்கள் பிறப்புப் பத்திரம் கைக்கு வந்த அன்றைக்கே அது அலுமாரிக்குப் போகவில்லை, அந்தப் பைக்குள்தான் போனது. நான் ஒருநாளும் அதை எடு என்று சொன்னதில்லை. ஆனால் இந்தப் பயணத்துக்கு மட்டும் அது வேண்டாம் என்று எழுதினேன். அவ தாளைப் படித்துப் பார்த்தா. "ஓம்" என்றா.

இனி அந்த விடியலுக்கு வருகிறேன்.

ஓட்டோ ஆறு மணிக்கு வருகிறதென்று சொன்னது, ஆறுக்குக் கால் மணி இருக்கவே வந்து ஹோன் அடித்தது. கண்டி பஸ் ஆறரைக்கு. நான் குசினிப் பக்கம் நின்றுகொண்டு கத்தினேன்:

"வெளிக்கிடுங்கோ! கெதியா வெளிக்கிடுங்கோ!"

எங்கள் ஊரில் இது சாதாரணச் சொல். கோயிலுக்கு உடுத்துவதும் வெளிக்கிடுவதுதான், பள்ளிக்கூடம் போவதும் வெளிக்கிடுவதுதான், கப்பல் துறையை விட்டுப் போவதும் வெளிக்கிடுவதுதான். எனக்கு அது எப்போதும் சந்தோசமான சொல். ஆனால் அந்தச் சத்தத்தில், இருட்டுக் கலைகிற நேரத்தில், வாசலில் ஒரு வாகனம் இரைந்துகொண்டு நிற்க, ஓர் ஆம்பிளைக் குரல் அதைக் கத்தினால் அம்மாவுக்கு என்ன கேட்கும் என்று நான் யோசிக்கவில்லை.

அவ இரண்டு நிமிசத்தில் முடித்தா. என் கண்ணால் கண்டது. கேஸ் போத்தல் திருகினா. மின்சாரம் நிற்பாட்டினா. குழாயைப் பூட்டினா. சின்னவனைக் கட்டிலிலிருந்து அப்படியே தூக்கி இடுப்பில் வைத்தா. மூத்தவளின் மணிக்கட்டைப் பிடித்தா, கையை அல்ல, மணிக்கட்டை. போகிற போக்கில் மற்றத் தோளை ஆணிக்குக் கீழே கொடுத்தா, நீலப் பை தானாகத் தோளில் ஏறியது. ஓட்டோவில் ஏறிவிட்டா. இருபது வருசமாகக் கயிற்று வேலையில் இருக்கிறேன், நாலு பேர் சேர்ந்தும் அவ்வளவு சுத்தமாக வேலை செய்து நான் கண்டதில்லை. வாயைப் பிளந்துகொண்டு பின்னால் ஓடிப் போய் ஏறினேன்.

சூட்கேஸை அவ ஓட்டோவின் பின்னால் வைத்துவிட்டா, பஸ் நிலையத்தில் ஓட்டோக்காரன் அதைச் சாமான் பெட்டியில் ஏற்றிவிட்டான் என்று நான் நினைத்தேன். நான் வைத்துவிட்டேன் என்று அவ நினைத்தா. திறப்பு என் பையில் இருந்தது, ஆகவே நான் பூட்டிவிட்டேன் என்று அவ நினைத்தா. எல்லாவற்றையும் நிற்பாட்டினவ அவ, ஆகவே கதவையும் அவவே பார்த்திருப்பா என்று நான் நினைத்தேன். நினைத்தேன் என்றுகூடச் சொல்ல ஏலாது. அந்த எண்ணமே வரவில்லை.

ஹபரணைக் காட்டுக்கு வர வெயில் ஏறியது. நீங்கள் யானை தெரியுதோ என்று யன்னலில் தொங்கினீர்கள். அம்மா பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்திருந்தா. "அதை விட்டிட்டு வாறதெண்டுதானே எழுதினது?" என்று கேட்டேன். அவ பையைக் குனிந்து பார்த்தா. அப்போதுதான் அது மடியில் இருப்பதே தெரிந்த மாதிரி.

"தெரியாமல் வந்திட்டுது" என்றா.

கண்டியில் இறங்கும்போது பன்னிரண்டரை. பஸ்ஸுக்குப் பின்னால் சாமான் பெட்டி திறந்தார்கள். ஒவ்வொருவரும் தங்கள் தங்களுடையதை இழுத்துக்கொண்டு போனார்கள். கடைசியில் ஒரு வாழைக்குலையும் ஒரு மீன் பெட்டியும் மிஞ்சின.

"சூட்கேஸ் எங்க?" என்று நடத்துனரிடம் கேட்டேன்.

"எந்தச் சூட்கேஸ்? நீங்க நாலு பேரும் ஒரு நீலப் பையும்தானே ஏறினீங்க?"

நான் அம்மாவைப் பார்க்க, அவ என்னைப் பார்த்தா.

"நீங்கள் வைக்கேல்லையே?"

"நீரெல்லோ வைச்சனீர்?" என்றேன் நான்.

மூத்தவளே, நீ இடையில் புகுந்தாய்: "அப்ப என்ர தொப்பி? நான் நாலு தொப்பி தேடி வாங்கினனான்! அப்பா, லிஸ்ட் போட்டது நீங்கள்தானே?" நல்ல கேள்வி.

அப்போது அம்மாவின் முகம் மாறியது. சூட்கேஸுக்காக அல்ல. மெதுவாகக் கேட்டா:

"இஞ்சருங்கோ... கதவைப் பூட்டினீங்களோ?"

என் கை தானாகச் சேட்டுப் பைக்குப் போனது. திறப்பு இருந்தது. முதல்நாள் பின்னேரம் வைத்தபடி, சுற்றின கடதாசிகூடப் பிரியாமல்.

அம்மா பயணிகள் இருக்கிற வாங்கு ஒன்றில் குந்திவிட்டா. பஸ் நிலையம் முழுக்கச் சனம், கடலைக்காரன், லொத்தர்ச் சீட்டுக்காரன், எல்லாச் சத்தத்துக்கும் நடுவில் அவ பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தா. பத்து அடி தள்ளித் 'திருகோணமலை' என்று பலகை போட்ட பஸ் நின்றது. அதன் நடத்துனர் ஊர்ப் பெயரைக் கத்திக் கத்திக் கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.

நான் என் போனை எடுத்து உயிர்ப்பித்தேன். அது கண் விழித்ததும் தொடங்கியது, டிங், டிங், டிங். பக்கத்து வீட்டு ராத்தா பதினொரு தரம் அடித்திருக்கிறா. திருப்பி அடித்தேன், அம்மாவுக்கும் கேட்கிற மாதிரிச் சத்தத்தைக் கூட்டி வைத்தேன்.

"அல்லாவே! உசிரோடயா இரிக்கீங்க?" என்றா ராத்தா. "எத்தன தரம் அடிக்கிற? ரெண்டு போனும் ஓஃப்!"

"ராத்தா, கதவு..."

"கதவா? ஆவெண்டு தொறந்து கிடந்திச்சி. காலத்தால பூமரத்துக்குத் தண்ணி ஊத்த வந்தா, கதவு தொறந்திரிக்கி, சூட்கேஸ் நடு விறாந்தையில நிக்கிது. நான் நெனச்சன், பஸ்ஸ உட்டுட்டுத் திரும்பி வந்திட்டீங்க எண்டு. பாவம், பசியோட வந்திருப்பீங்க எண்டு தேத்தண்ணி ஊத்திக்கொண்டு வந்து கூப்பிடுறன், கூப்பிடுறன், ஒருத்தரையும் காணல்ல. கட்டிலுக்குக் கீழயும் பாத்தன்!"

"கட்டிலுக்குக் கீழ என்னத்துக்கு, ராத்தா?"

"ஒங்களுக்குப் பகிடி கூடத்தானே, ஒளிச்சிரிக்கீங்களோ எண்டு."

நீங்கள் இரண்டு பேரும் சிரித்தீர்கள். நானும் கொஞ்சம் சிரித்தேன். அம்மா சிரிக்கவில்லை. போனுக்குக் கிட்ட வந்து கேட்டா:

"ராத்தா, ஏதாவது... காணாமல்?"

"ஒண்டும் போகல்ல புள்ள. ரோட்டால எத்தன பேர் போற வாற. மீன்காரன் வாசல்ல நிண்டு கூவிட்டு, ஆளில்ல எண்டு எனக்கிட்ட வந்து செல்லிட்டுப் போறான். பூட்ட ஏலாது, துறப்பு ஒங்களிட்ட. கதவச் சாத்திட்டு, ஒங்கட கதிர ஒண்ட வெளிய இழுத்து முன்னால வச்சிரிக்கன்."

"கதிரையோ?"

"ஓம், அந்த வெள்ளப் பிளாஸ்டிக் கதிர."

"காவலுக்குக் கதிரை மட்டும் காணுமோ ராத்தா?"

"காணும் புள்ள. கதிர இருந்தா ஆள் இரிக்கி எண்டுதானே அர்த்தம். நான் இரிக்கன் இஞ்ச. நீங்க போய்ப் பாத்திட்டு வாங்க. எனக்குக் கறிக்கு லீக்ஸ் ரெண்டு கட்டுக் கொண்டு வாங்க." வைத்துவிட்டா.

அம்மா திரும்பவும் வாங்கில் இருந்தா. நான் சொன்னேன், "இஞ்ச பாரும், உமக்கு மனம் சரியில்லையெண்டால் அந்த பஸ்ஸிலயே ஏறுவம். பிள்ளையளுக்கு நான் சொல்லுறன்." மூத்தவளே, நீ அப்போது முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாய். உனக்குக் கண் நிறைந்திருந்தது எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும்.

அம்மா பையை மடியிலிருந்து இறக்கிப் பக்கத்தில் வைத்தா. பிறகு உன்னைப் பார்த்துத்தான் சொன்னா, என்னைப் பார்த்தல்ல.

"எனக்கு உன்ர வயசு, சண்டைக் காலம். கிளிவெட்டிப் பக்கம் எங்கட வீடு. விடியக்காலமை, வெளிக்கிடு வெளிக்கிடு எண்டு ஒழுங்கையால கத்திக்கொண்டு ஓடினவை. எங்கட அம்மா எல்லாத்தையும் விட்டிட்டு ஓடேக்கையும் கதவைப் பூட்டினவ. பெரிய பூட்டு, ஆமைப் பூட்டு. இரண்டு தரம் இழுத்துப் பார்த்துப் பூட்டினவ. கன காலத்துக்குப் பிறகு திரும்பிப் போனம். பூட்டு நிலத்தில கிடந்தது. பூட்டினபடியே. நல்ல பூட்டு, உடைக்கவே இல்லை. கதவைத்தான் காணேல்லை. நிலையைக் காணேல்லை, யன்னலைக் காணேல்லை, ஓட்டைக் காணேல்லை. நாலு பக்கமும் சுவர், நடுவில நாயுண்ணி மரம்."

பூட்டுக் கதை எனக்கு முன்னமே தெரியும். ஒருக்கால் சொல்லியிருக்கிறா. உங்களுக்கு அன்றைக்குத்தான் சொன்னா. சின்னவன் விழித்துக் கேட்டான்: "ஏனம்மா, ராத்தா மாதிரி ஆரும் கதிரை வைக்கேல்லையோ?"

அம்மா அவனைப் பார்த்தா. அவனை இழுத்து மடியோடு அணைத்துக்கொண்டா.

"கதிரை வைக்க அங்க ஒருத்தரும் இல்லை, ராசா. எல்லாரும் வெளிக்கிட்டிட்டினம்."

திருகோணமலை பஸ் இரைந்தது. நடத்துனர் கடைசித் தரம் கூப்பிட்டான். அது பின்வாங்கித் திரும்பி வெளியே போனதை நாங்கள் நாலு பேரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அம்மா எழும்பினா. சேலையைத் தட்டினா.

"நுவரெலியா பஸ் எந்தப் பக்கம்?" என்று கேட்டா.

பிள்ளையள், துறைமுகத்தில் நான் பெரிய பெரிய கப்பல்கள் நகர்வதைக் கண்டிருக்கிறேன் என்று சொன்னேனே. அந்த வாங்கிலிருந்து அம்மா எழும்பினதுக்கு அதெல்லாம் கிட்டவும் வராது.

மிச்சம் உங்களுக்குத் தெரிந்தது. வளைவு வளைவாக ஏறி, சின்னவன் கண்டியில் வாங்கின எலுமிச்சம்பழத்தையும் மீறி இரண்டு தரம் வாந்தி எடுத்து, பின்னேரம் போய் இறங்கினால் குளிர் கன்னத்தில் அறைகிறது. குளிர்ச்சட்டை இல்லை, தொப்பி இல்லை, மாற்றுத் துணி இல்லை. நான் ஒன்றரை மாதம் ஆயத்தம் செய்த பெட்டி வீட்டில் நிற்கிறது. வேண்டாம் என்று நான் எழுதின பைதான் கையில்.

விடுதி அறைக்குள் போனதும் அம்மா அந்தப் பையைத் திறந்தா. அரை மணித்தியாலம். படுக்கை விரிப்பு ஒன்று சின்னவனுக்கு, கழுத்தோடு முடிச்சு. மற்றது மூத்தவளுக்கு. சாரம் எனக்கு, தலைக்கு. பின்பக்கக் குசினியில் நின்ற மனிசியிடம் என்ன கதைத்தாவோ தெரியாது, அடுப்பு ஒன்று கிடைத்தது. எங்கள் அரிசியில் கஞ்சி. அந்த மனிசி இஞ்சித் துண்டும் தேங்காய்ப் பாலும் தந்தா. மெழுகுதிரியைச் சட்டியின் மூடியில் நட்டு, நாலு பேரும் சுற்றி இருந்து, ஆவி பறக்கப் பறக்கக் குடித்தோம். இத்தனை வருசமாக எதற்காகவோ மாற்றி மாற்றிப் போட்டு வைத்த அரிசி அது. குளிருக்கு இதமாக, உப்பாக, கொஞ்சம் இஞ்சி காரமாக இருந்தது. "அம்மாட கடை நல்ல கடை" என்றான் சின்னவன். அதற்குத்தான் அம்மா அன்றைக்கு முதல் முதல் சிரித்தா.

அடுத்த நாள் கடைத் தெருவில் குளிர்ச்சட்டை வாங்கினோம். அதற்கு முதல், விடிய நடந்ததைச் சொல்ல வேணும். நீங்கள் பார்க்கவில்லை.

நான் எழும்பிப் பார்த்தால் அம்மாவைக் காணவில்லை. அறைக் கதவு திறந்தபடி. வெளியே போனேன். அவ ஏரிப் பக்கம் புல்லில் என் சாரத்தைப் போர்த்துக்கொண்டு நிற்கிறா. முன்னால் ஒன்றுமே இல்லை. ஏரி இல்லை, மரம் இல்லை, மலை இல்லை. வெள்ளைப் புகார், பனிமூட்டம் மட்டும். கடல் ஊர்க்காரன் நான், மழை இருட்டுத் தெரியும், உப்புக் காற்றுத் தெரியும், இப்படி உலகத்தையே துடைத்து வைத்த மாதிரி ஒன்றை நான் கண்டதில்லை. பயமாகக்கூட இருந்தது. பக்கத்தில் போய் நின்றேன். வாயைத் திறந்தால் அதிலிருந்தும் புகை.

பிறகு அது மெல்ல விலகியது. முதலில் கரையோரம் ஒரு வள்ளம். கட்டின கயிறும் தெரிந்தது, என் கண் முதலில் கயிற்றுக்குத்தானே போகும். பிறகு தண்ணீர். பிறகு மரங்கள் ஒவ்வொன்றாக. கடைசியில் மலை, நேற்றுப் பார்த்த அதே மலை, அதே இடத்தில், உச்சியில் வெயிலோடு.

"எல்லாம் அப்பிடியே இருக்கு" என்றா அம்மா.

"பின்ன எங்க போகும்?" என்று பகிடியாகக் கேட்டுவிட்டு, கேட்டதும் நாக்கைக் கடித்தேன். அவ கோபிக்கவில்லை. சாரத்தின் ஒரு பக்கத்தை எடுத்து என் தோளிலும் போட்டா. கொஞ்ச நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது. அறைக் கதவைத் திறந்தபடி விட்டுவிட்டு வந்திருக்கிறா. அதற்குள் நீங்கள் இரண்டு பேர், காணி உறுதி, எல்லாம். ஒருக்காலும் திரும்பிப் பார்க்கவில்லை. அந்த நாலு நாளும் அவ ராத்தாவுக்கு ஒரே ஒரு தரம்தான் போன் எடுத்தா. அதுவும் லீக்ஸ் பெரிதோ சின்னதோ என்று கேட்க.

திரும்பி வந்த பின்னேரம் ஒழுங்கையால் நடக்கும்போது அம்மாதான் முன்னுக்குப் போனா. படலையைத் திறந்ததும் நின்றுவிட்டா. முன் கதவு சாத்தியபடி. அதற்கு முன்னால் வெள்ளைக் கதிரை. கதிரையில் ராத்தா வீட்டுப் பூனை சுருண்டு நித்திரை.

வேலிக்கு மேலால் ராத்தாவின் தலை தெரிந்தது. "வாங்க, வாங்க! காவல்காரன எழுப்பாதீங்க, ராவு பகலா வேல செஞ்ச களைப்பு!"

"லீக்ஸ் கொண்டு வந்தனாங்கள், ராத்தா" என்றா அம்மா. பூனையைத் தூக்கி நெஞ்சில் வைத்துக்கொண்டு, கதிரையைக் காலால் தள்ளி, கதவைத் திறந்து உள்ளே போனா. விறாந்தை நடுவில் சூட்கேஸ் நின்றது. அதன் மேலே என் தாள். கதவு பூட்டல் என்ற வரிக்கு எதிரே இப்போது ஒரு பெயர் இருந்தது. ராத்தா பென்சிலால் தன் பெயரை எழுதி வைத்திருந்தா.

ஆகவே பிள்ளையள், நீங்கள் வளர்ந்து உங்கள் குடும்பத்தோடு எங்காவது போகும்போது தாள் போடுங்கோ. போடாமல் போக வேண்டாம். குளிருக்கும் வாந்திக்கும் எழுதுங்கோ. கதவுக்கு எதிரே ஆள் பெயர் எழுதுங்கோ. எங்கள் கயிற்று வேலையில் ஒரு முறை இருக்கிறது: கழற்றினவன் "கழட்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்ல வேணும், மற்றவன் அதைத் திருப்பிச் சொல்ல வேணும், அதற்குப் பிறகுதான் அடுத்த கயிறு. வேலையில் ஒருநாளும் நான் அதை விட்டதில்லை. வீட்டில் அது வேணும் என்று தெரியாமல் போய்விட்டது. இப்போது கோயிலுக்குப் போனாலும் நான் "பூட்டியாச்சு" என்று கத்துகிறேன், நீங்கள் "பூட்டியாச்சு" என்று கத்துகிறீர்கள், ஒழுங்கையே சிரிக்கிறது. சிரிக்கட்டும். போனை மட்டும் நிற்பாட்ட வேண்டாம். பக்கத்து வீட்டில் ஓர் ஆள் இருக்கிறா என்பதை எந்தத் தாளில் எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியாது.

அம்மா காணி உறுதியையும் உங்கள் பத்திரங்களையும் அடுத்த நாளே அலுமாரிக்கு மாற்றினா. பை இன்னும் ஆணியில்தான். புது அரிசியும் போட்டா. அது அவவின் விருப்பம்.

இனி ஒன்றே ஒன்று, இதை நான் அவவுக்கும் சொல்லவில்லை. வந்து ஒரு கிழமை இருக்கும். எனக்கு லீவு. நீங்கள் பள்ளிக்கூடம், அம்மா சந்தைக்கு. மத்தியானத்துக்கு முன், வீட்டில் நான் மட்டும். திறப்பை எடுத்து மேசையில் வைத்தேன். வெளியே வந்து கதவைச் சாத்தினேன். வெள்ளைக் கதிரையை இழுத்து அதற்கு முன்னால் வைத்தேன். படலையைத் தாண்டி, சந்திக் கடை வரைக்கும் நடந்து போய், ஒரு வெறுந்தேத்தண்ணி வாங்கி, வீட்டுப் பக்கம் முதுகைக் காட்டிக்கொண்டு நின்று குடித்தேன். சூடு. பாதியில் வைத்துவிட்டு ஓடலாமோ என்று இருந்தது. ஓடவில்லை. கடைசி மிடறு வரைக்கும் குடித்து, கோப்பையைக் கொடுத்துவிட்டு, மெதுவாக நடந்து திரும்பி வந்தேன். கதிரை வைத்த இடத்தில் இருந்தது. அதில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, எழும்பி, அதைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனேன்.